நெல்லை வெயிலில் கோன்யாக்: முதல் பாட்டில் வாங்கியவருக்கு

பிராந்தி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அடைமழை நாளில் சளி பிடித்தவருக்கு வெந்நீரில் இரண்டு மூடி விட்டுக் கொடுக்கும் பழக்கம் தாமிரபரணிக் கரை வீடுகளில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. (அது சளியைக் குணப்படுத்துவதில்லை; ஆளை அயர வைக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.) இந்தப் பழக்கத்தின் மிச்சமோ என்னவோ, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் மச்சான் கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்திப் பாட்டிலை மேசைமேல் எடுத்து வைத்தால், வீட்டில் பாதிப் பேர் அதை மருந்தாகப் பார்க்கிறார்கள். மீதிப் பேர் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டிய சீர்வரிசையாகப் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டாம். அந்தப் பாட்டில் பெரும்பாலும் வி.எஸ். என்ற இளம் வகையாகத்தான் இருக்கும். திறந்து குடிப்பதற்கு, அதிலும் கலந்து குடிப்பதற்கு ஏற்ற வகை அது. நம் வெயிலில் அதை எப்படிக் கையாள்வது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அன்றிரவு வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இதைத் தொட வேண்டாம். ருசி பார்க்க 30 மில்லி போதும். குவாட்டர் கணக்கில் யோசிப்பவருக்கு இந்த வழிகாட்டி உதவாது.

பாட்டிலுக்குள் இருப்பது

கோன்யாக் என்பது பிரான்சின் தென்மேற்கில், ஷராந்த் ஆற்றங்கரையில் உள்ள ஒரு நகரம். அதைச் சுற்றிச் சட்டப்படி வகுத்த எல்லைக்குள் விளைந்து, அங்கேயே வடித்து, அங்கேயே பீப்பாயில் கிடந்த திராட்சைப் பிராந்திக்கு மட்டும்தான் அந்தப் பெயர். எல்லையை 1909-இல் வகுத்தார்கள். நம் கடைகளில் கிடைக்கும் பிராந்திகள் பலவற்றில் அடிப்படை, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம். திராட்சை அதில் ஒரு பங்காகச் சேரும். கோன்யாக்கில் வடிப்பது திராட்சை மதுவை மட்டுமே.

அந்தத் திராட்சையில் பெரும்பகுதி யூனி பிளாங் என்ற வெள்ளை ரகம். அதிலிருந்து வரும் மது புளிப்பு மிகுந்தது, சாரம் குறைந்தது. ஆல்கஹால் பெரும்பாலும் 9 சதவீதம் அளவில்தான் இருக்கும். அப்படியே குடித்தால் முகம் சுளிக்கும். வடிப்பதற்கோ இதுதான் தோது: புளிப்பு அதைக் கெடாமல் காக்கிறது, சாரம் குறைவாக இருப்பதால் நிறைய மதுவை வடித்துக் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கொஞ்சத்தில் பழத்தின் வாசனை செறிந்து நிற்கிறது. செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடிப்பார்கள். இரண்டாவது முறை இறங்குவது 70 சதவீதம் அளவுக்குக் காரமாக இருக்கும். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31-க்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். பிறகு ஓக் பீப்பாய். கடைசியில் நீர் சேர்த்து 40 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள்.

வி.எஸ். என்றால் கலவையில் உள்ள மிக இளைய சரக்கும் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். வி.எஸ்.ஓ.பி. என்றால் 4 ஆண்டு. எக்ஸ்.ஓ. முன்பு 6 ஆண்டாக இருந்தது, 2018 முதல் 10 ஆண்டு. இந்தக் கணக்கு கோன்யாக்குக்குத்தான். வேறு பிராந்தியின் லேபிளில் இதே எழுத்துகளைப் பார்த்துவிட்டு அதே வயது என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டு வயதுச் சரக்கில் பழ வாசனை இன்னும் போகவில்லை, மரம் லேசாகத்தான் ஏறியிருக்கும், சாராயத்தின் கடி முழுதாக அடங்கியிருக்காது. இது குறையல்ல. எலுமிச்சையும் இஞ்சியும் சேரும் கலவையில் தாக்குப்பிடிக்க அந்தத் துடிப்புதான் வேண்டும். எக்ஸ்.ஓ.வில் எலுமிச்சை பிழிவது பாவம், வி.எஸ்.ஸை மணிக்கணக்கில் முகர்ந்துகொண்டு தத்துவம் பேசுவது பந்தா.

வாங்கும்போது

ஹென்னசி, மார்ட்டெல், கூர்வாசியே ஆகிய பெரிய நிறுவனங்களின் வி.எஸ். எளிதில் கண்ணில் படும். தொடக்கத்துக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். கோன்யாக் என்ற சொல் லேபிளில் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வி.எஸ். மலிவுதான், ஆனால் கோன்யாக் குடும்பத்துக்குள் மட்டும் மலிவு. இறக்குமதி வரி ஏறியபின் நம் ஊரில் அது கையைக் கடிக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் வயது வந்த பயணி 2 லிட்டர் வரை மது கொண்டுவரச் சுங்கச் சலுகை உண்டு என்பதால், வருகிறவரிடம் சொல்லி வைப்பதே பலருடைய வழி. நெல்லைக்காரர்கள் பலர் இறங்குவது திருவனந்தபுரத்தில். மாநில எல்லையைத் தாண்டி மது எடுத்துவரத் தனி விதிகள் உண்டு. முன்கூட்டியே விசாரித்து, ரசீதைப் பாட்டிலோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூடி முத்திரை உடைந்த பாட்டிலை யார் கொடுத்தாலும் வேண்டாம்.

முதல் வேலை: சூட்டைக் குறைப்பது

கோன்யாக்கை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்லும் அறை பிரான்சில் இருக்கிறது. 18, 20 டிகிரி. சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டை மாடி வீட்டு அறை இரவு எட்டு மணிக்கும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் கிளாஸில் ஊற்றினால் முதலில் கிளம்புவது ஆல்கஹால்தான். மூக்கில் சுரீர் என்று ஏறும், பழ வாசனை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது இந்த எரிச்சலுக்கா" என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

ஆகவே பாட்டிலை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், அங்கே வைத்தால் வாசனை உறங்கிவிடும். வெளியே எடுத்து ஊற்றியபின் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் சரியான பதத்துக்கு வரும். பெரிய பலூன் கிளாஸைக் கையில் ஏந்தி உள்ளங்கைச் சூட்டில் சுழற்றும் வழக்கம் குளிர்நாட்டு வீடுகளில் பிறந்தது. நமக்கு அது நேர் எதிர். கிளாஸைத் தண்டைப் பிடித்தோ அடியைப் பிடித்தோ எடுங்கள். சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. மாலைக் காற்று போதும். குடித்துவிட்டு அருவிக்குப் போகும் வேலை மட்டும் கூடாது.

அடுத்தது அறை வாசனை. கொசுவர்த்திச் சுருளை அணையுங்கள். சாம்பிராணி போட்ட வீட்டில் அன்றைக்கு ருசி பார்க்காதீர்கள். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தால் கதை முடிந்தது. மேசை விசிறி நேராகக் கிளாஸ்மேல் அடித்தால் வாசனை அடுத்த வீட்டுக்குப் போய்விடும், திருப்பி வையுங்கள். வெற்றிலை போட்ட வாயோடும் பூண்டு ரசம் சாப்பிட்ட கையோடும் உட்காராதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வயிறு காலியாகவும் இல்லாமல் நிரம்பியும் இல்லாமல் இருக்கும் வேளை நல்லது.

கிளாஸ் என்றால் வயிறு அகன்று வாய் குறுகியது எதுவானாலும் சரி. சிறிய ஒயின் கிளாஸ் கிடைத்தால் மிக நல்லது. டீக்கடைக் கிளாஸ் மேலே விரிந்து வாசனையைச் சிதறடிக்கும். எவர்சில்வர் டம்ளரில் நிறமே தெரியாது.

ருசிக்கும் முறை

30 மில்லி ஊற்றுங்கள். அளவு கிளாஸ் இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதைவிடத் துல்லியமான அளவை கிடையாது. கலவைகளுக்கும் அதுவே உதவும்.

நிறத்தைப் பார்க்கலாம், ஆனால் அதை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். கருக்கிய சர்க்கரையால் நிறம் ஏற்ற கோன்யாக்கில் அனுமதி உண்டு.

இனி மூக்கு. கிளாஸைச் சுழற்ற வேண்டாம். சுழற்றினால் ஆல்கஹால்தான் கிளம்பும். முதலில் தாடை உயரத்தில் பிடித்துச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். லேசான வாசனைகள் அங்கேயே வந்து சேரும்: பேரிக்காய், பச்சைத் திராட்சை, ஏதோ ஒரு பூ. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் பூக்கும் காலத்தில் நடந்தவர்களுக்கு அந்தப் பூ எது என்று சட்டென்று பிடிபடலாம். பிறகு கிளாஸை மெல்ல உயர்த்தி, வாயைச் சற்றுத் திறந்தபடி மூக்கருகே கொண்டுவாருங்கள். வாய் மூடியிருந்தால் எரிச்சல் முழுதும் மூக்கில் ஏறும். இங்கே ஆரஞ்சுத் தோல், உலர் திராட்சை, வெனிலா, புதிதாக இழைத்த மரம் தெரியலாம். இவையெல்லாம் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பழமா, பூவா, மரமா, எது தூக்கலாக இருக்கிறது என்பது பிடிபட்டாலே முதல் நாளுக்குப் போதும்.

முதல் மிடறு வெறும் ஒத்திகை. நாக்கு நனையும் அளவுக்கு எடுத்து விழுங்கிவிடுங்கள்; எரியும், எரியட்டும். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது மிடறு. அதை ஐந்தாறு வினாடி வாயில் வைத்து நாக்கின் எல்லாப் பக்கமும் படவிட்டு, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். கோன்யாக்கின் ருசியில் பாதி அந்த மூச்சில்தான் இருக்கிறது. முன்னால் இனிப்பு, நடுவில் பழம், கடைசியில் கொஞ்சம் துவர்ப்பும் மிளகுக் காரமும் வரும். வி.எஸ்.ஸில் அந்தக் கடைசிப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். விலை கூடிய வகைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அங்கேதான்.

இப்போது அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். காரம் தணிந்து பழம் மேலே வரும். உப்புச் சாயல் உள்ள போர்த் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற நல்ல தண்ணீர் மட்டும். காலிக் கிளாஸைக் கழுவாமல் ஒரு தட்டால் மூடி வைத்து மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போய், பீப்பாய் கொடுத்த மரமும் வெனிலாவும் மட்டும் கிளாஸில் ஒட்டியிருக்கும். மரவாசனையை அடையாளம் காண இதைவிட எளிய பாடம் இல்லை.

கலவைக்கு முன்: ஐஸும் எலுமிச்சையும்

நல்ல கோன்யாக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கெட்ட ஐஸ். கடைத்தெருவில் மீன் பெட்டிக்குப் போகும் பாளம் ஐஸ் குடிப்பதற்கானது அல்ல. கொதித்து ஆறிய நல்ல தண்ணீரை மூடி உள்ள சம்புடத்தில் உறைய வைத்து, துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் தட்டி உடைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டு மெதுவாகக் கரையும். ஃப்ரிட்ஜ் தட்டின் சின்னக் கட்டிகள் நம் சூட்டில் ஐந்து நிமிடத்தில் தண்ணீராகி, கலவையை நீர்த்துப்போகச் செய்துவிடும். திறந்து கிடந்த மீன்குழம்பின் வாசனையை ஐஸ் இழுத்துக்கொள்ளும் என்பதால் மூடி அவசியம்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் எலுமிச்சை மஞ்சள் நிறப் பெரிய வகை. நம் நாட்டு எலுமிச்சை அதைவிட உக்கிரமானது. 20 மில்லி என்று எழுதியிருந்தால் 15-இல் நிறுத்துங்கள். குடிக்கும் நேரத்தில் பிழியுங்கள். கடைசிச் சொட்டுக்காகக் கசக்கினால் தோலின் கசப்பும் கூடவே இறங்கும்.

சைட்கார்

கோன்யாக் கலவைகளில் பேர்போனது இது. 1922-இலேயே இதன் செய்முறை அச்சில் வந்துவிட்டது. இன்றைய பொது அளவு: கோன்யாக் 50 மில்லி, ட்ரிப்பிள் செக் என்ற ஆரஞ்சு மது 20 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி. ட்ரிப்பிள் செக் நம் பக்கம் தேடினாலும் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் இன்னொரு பாட்டிலுக்குக் காசு. ஆரஞ்சு வாசனையை வீட்டிலேயே எடுக்கலாம்.

இரண்டு கமலா ஆரஞ்சின் தோலை உரித்து, உள்ளே ஒட்டிய வெள்ளைச் சதையைக் கத்தியால் வழித்து எறியுங்கள்; கசப்பு அங்கேதான். தோலை 100 கிராம் சர்க்கரையோடு அம்மிக் குழவியாலோ கரண்டிக் காம்பாலோ நசுக்கி, மூடி, நான்கு மணி நேரம் வையுங்கள். தோலின் எண்ணெய் இறங்கிச் சர்க்கரை ஈர மணலாகியிருக்கும், மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்க ஆரஞ்சு மணக்கும். 50 மில்லி வெந்நீர் விட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும்.

கோன்யாக் 50, இந்தப் பாகு 15, எலுமிச்சை 15 மில்லி. ஷேக்கர் இல்லாவிட்டால் மூடி இறுகும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். பாதிக்கு ஐஸ் போட்டு, வெளிப்புறம் பனிபோல மங்கும்வரை, அதாவது பத்துப் பதினைந்து வினாடி, வேகமாகக் குலுக்கி வடித்துக் குடியுங்கள். புளிப்பு மிஞ்சினால் பாகைக் கூட்டுங்கள், கோன்யாக்கைக் கூட்டாதீர்கள். சோடா சேரும் எதையும் மூடிய பாட்டிலில் குலுக்கக் கூடாது, வெடித்துவிடும்.

இஞ்சி, நன்னாரி, கருப்பட்டி

சைட்காரைவிட நம் வெயிலுக்குப் பொருந்துவது உயரக் கிளாஸில் சோடாவோடு வருவதுதான். ஹார்ஸஸ் நெக் என்று ஒன்று உண்டு: கோன்யாக் 40 மில்லி, ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சோடா 120 மில்லி, நீளமாகச் சீவிய எலுமிச்சைத் தோல். ஜிஞ்சர் ஏல் கிடைக்காத ஊரில் இஞ்சியைத் துருவிப் பிழிந்து அரைமணி தெளிய விடுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். நம் பாட்டிமார் நஞ்சு என்று கொட்டிவிடும் பகுதி. மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து, அதில் இரண்டு மேசைக்கரண்டியை, 100 கிராம் சர்க்கரையும் 100 மில்லி தண்ணீரும் காய்ச்சி ஆறிய பாகில் கலக்குங்கள். கிளாஸுக்கு 20 மில்லி பாகும் மீதி சோடாவும். சோடாவில் எலுமிச்சை, பன்னீர் சேர்த்தது வேண்டாம், வெறும் சோடா வாங்குங்கள்.

நன்னாரி சர்பத்தில் கோன்யாக் விடுவதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. காரணம் வேதியியலிலேயே இருக்கிறது. ஓக் பீப்பாய் கோன்யாக்குக்குக் கொடுப்பது வெனிலின். நன்னாரி வேரின் மணத்துக்கு முக்கியக் காரணமான பொருளும் வெனிலினும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை, அவை அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. இரண்டும் கிளாஸில் சேரும்போது மர வாசனை இன்னும் இரண்டு ஆண்டு பீப்பாயில் கிடந்ததுபோல் தடிமனாகிறது. கோன்யாக் 45, நன்னாரிப் பாகு 20, எலுமிச்சை 15, சோடா 90 மில்லி, நிறைய ஐஸ். எசன்ஸ் ஊற்றிய சிவப்புப் பாகு இதற்கு உதவாது. நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி ஊறவைத்துக் காய்ச்சினால் இன்னும் நல்லது.

கருப்பட்டிக்குச் சோடா வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டி 100 கிராமை 60 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடியுங்கள். மண்ணும் நாரும் தங்கும். கோன்யாக் 50 மில்லிக்கு இந்தப் பாகு ஒரு தேக்கரண்டி, அதற்குமேல் போனால் கருப்பட்டி மட்டுமே மிஞ்சும். பெரிய ஐஸ் துண்டு ஒன்று போட்டு, அரை நிமிடம் கரண்டியால் கிளறி, நாரத்தங்காய்த் தோலில் ஒரு கீற்றைக் கிளாஸுக்குமேல் முறுக்கிப் போடுங்கள். இத்தகைய கலவைகளில் வெளிநாட்டில் பிட்டர்ஸ் என்ற கசப்பு மதுவில் சில சொட்டு விடுவார்கள். நாரத்தைத் தோலின் கசப்பு அந்த இடத்தை ஓரளவு நிரப்பிவிடுகிறது. எனக்கு இந்த மூன்றில் இதுதான் முதலிடம்.

பதநீரில் கலக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதில் சுண்ணாம்பு இருக்கிறது, எலுமிச்சையோடு சேராது. பதநீரைப் பதநீராகவே குடிப்பது நல்லது. அவசரத்துக்கு ஒன்று வேண்டுமானால், விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவொண்டோ இருக்கிறது. திராட்சைச் சாயல் உள்ள பானம் என்பதால் 40 மில்லி வி.எஸ்.ஸும் அரை எலுமிச்சையும் அதில் நன்றாகவே பொருந்தும். உலகெங்கும் கோலாவோடு கலந்து குடிக்கப்படுவது இதே வி.எஸ்.தான், ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொட்டுக்கொள்ள

அல்வாவை எடுத்து வைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நெய்யும் சர்க்கரையும் நாக்கில் பூசிக்கொண்டபின் இளம் கோன்யாக் வெறும் காரமாகத்தான் தெரியும். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகச் சாப்பிடுங்கள். தூத்துக்குடி மக்ரூன் பொருந்துகிறது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்த உலர்ந்த இனிப்பு நாக்கை அடைக்காது. கருப்பட்டிக் கலவைக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், சைட்காருக்கு மிளகு தூவி வறுத்த முந்திரி. காரச்சேவு வேண்டாம், மிளகாய் எரிச்சலும் சாராய எரிச்சலும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

மீதிப் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படும் ஜன்னல், அடுப்பு மேடை, ஃப்ரிட்ஜின் தலை மூன்றும் ஆகாது. பாட்டிலுக்குள் கோன்யாக்குக்கு வயது கூடாது, திறந்தபின் வாசனை குறைந்துகொண்டேதான் போகும். ஆறு மாதத்துக்குள் முடியுங்கள். கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டால் சிறிய கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள்.